பிதாவின் பேரில் போட்ட ஒரே முடிச்சு

மகனே,

'அன்புள்ள' என்று எழுதி, அதை அடித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். நம் வீட்டில் கடிதம் என்றால் மேலே இயேசுவின் நாமத்தில் வாழ்த்துச் சொல்லித்தான் எழுதுவோம். இன்றைக்கு அதையும் எழுதவில்லை. அந்த நாமத்துக்கு எவ்வளவு மரியாதை கொடுத்தால் உனக்குச் சம்மதம் என்று எனக்குத் தெரியாது. வாழ்த்துச் சொல்லும் மனநிலையிலும் நான் இல்லை. கோபமாக இருக்கிறேன். நான்கு மாதமாகச் சோறு வடிக்கும்போதும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதும், கோவிலில் முழங்காலில் நிற்கும்போதும் கோபமாகவே இருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை மாதர் கூட்டத்தில் அதை நானே நின்று வாசிக்கப் போகிறேன். சபை முழுக்கப் பார்க்க நடந்த காரியத்தைப் பற்றி ஒட்டிய உறைக்குள் வைத்து ரகசியமாகப் பேச என்ன இருக்கிறது? நீயும் உன் திருச்சி நண்பர்களுக்கு வாசித்துக் காட்டு. எனக்கு ஆட்சேபணை இல்லை.

நடந்தது என்னவென்று அரைகுறையாகத் தெரிந்தவர்களும் கேட்கப் போவதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைகாசியில் கீரனூரில் நம் கோவிலில் உனக்கும் குளத்தூர் கம்பவுண்டர் மகள் சுகிர்தத்துக்கும் திருமணம். போதகர் புதுக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். நம் சபையில் தாலிக்கு மூன்று முடிச்சு, மூன்றுக்கும் மூன்று நாமம். பிதாவின் பேரில் ஒன்று, குமாரனின் பேரில் ஒன்று, பரிசுத்த ஆவியின் பேரில் ஒன்று. போதகர் ஒவ்வொரு நாமமாகச் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை ஒவ்வொரு முடிச்சாகப் போடவேண்டும். பிதாவின் நாமத்தில் என்றார், நீ முடிச்சுப் போட்டாய். குமாரனுடைய நாமத்தில் என்றார். நீ சரட்டை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். உனக்குக் காது கேட்கவில்லையோ என்று அவர் இன்னொரு தடவையும் சொன்னார். "அவ்வளவுதான் ஐயா. தேவன் ஒருத்தர்தான். அவரு பேருல போட்டாச்சு" என்றாய். ஆர்மோனியம் வாசிக்கக் காத்திருந்தவர் துருத்தியை அமுக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். போதகர் புத்தகத்தை மூடினார். கல்யாண ரிஜிஸ்தரில் கையெழுத்து வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள், உன்னைப் பார்த்தார்கள். நான் உன் கண் போன இடத்தைப் பார்த்தேன். உன் பக்கத்தில் ஒரு பெண் தலைகுனிந்து நின்றாள். அவள் கழுத்தில் நீ போட்ட முடிச்சு இருந்தது. அடுத்த முடிச்சு விழவில்லையே என்று அவள் மெதுவாகத் தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தாள். நீ அவளைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கபடியில் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பவனின் பார்வை அது. அந்தப் பார்வைதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. உன் கொள்கை அல்ல, அந்தப் பார்வை. நீயும் உன் அப்பாவும் மூன்று வருஷமாக நம் வீட்டுக் கூடத்தில் நடத்திய சண்டைக்கு, கடைசி வார்த்தையை நீ சொல்லவேண்டும் என்பதற்காக, சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தியின் கழுத்தை எடுத்துக்கொண்டாய்.

வெளியில் பந்தலில் சமையல்காரர் என்னிடம் வந்து, "டீச்சரம்மா, எலை போடவா வேணாமா?" என்று கேட்டார். கல்யாணச் சாப்பாடா, இல்லையா என்று தெரியாமல் பாதிப்பேர் சாப்பிட்டார்கள், பாதிப்பேர் சாப்பிடாமல் போனார்கள். நீயும் உன் நண்பர்கள் இரண்டு பேரும் திருச்சி பஸ்ஸுக்குக் கிளம்பினீர்கள். போகும்போது சுகிர்தத்திடம், பெட்டியை எடுக்கச் சொல்வது மாதிரி, "வா, போகலாம்" என்றாய். அவள் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இத எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" அதற்கு நீ சொன்ன பதிலை என் காதால் கேட்டேன். "சொல்லியிருந்தா ஒங்கப்பா பொண்ணு குடுத்திருப்பாரா?" அதற்குமேல் அவள் எப்படி உன்னோடு வருவாள்? கம்பவுண்டர் அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு குளத்தூருக்குப் போய்விட்டார். ஒரு நாமத்துக்காக உண்மையை விடமாட்டேன் என்று கோவிலில் நின்ற நீ, பெண் கிடைக்கவேண்டும் என்று அதே உண்மையைப் பெண் பேசியதிலிருந்து மூன்று மாதம் பையில் போட்டு மூடி வைத்திருந்தாய். திருச்சியில் நீங்கள் கூடி வேதம் வாசிக்கிற மேல்மாடி அறையில் இதற்கு என்ன பெயர் சொல்வார்கள் என்று கேட்டு எழுது.

இப்போது உன் அப்பாவிடம் வருகிறேன். இதை எழுதும்போது அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அவருக்கும் வாசித்துக் காட்டத்தான் போகிறேன். இருபது வருஷம் இந்தச் சபைக்கு உபதேசியார், போதகர் வராத ஞாயிறெல்லாம் ஆராதனை நடத்தியவர். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குத் திரித்துவம் சொல்லிக்கொடுக்கும்போது, தண்ணீர் என்றும் பனிக்கட்டி என்றும் நீராவி என்றும் ஒன்றே மூன்றாக இருப்பதுபோல என்பார். கீரனூரில் எந்தப் பிள்ளை பனிக்கட்டியைப் பார்த்தது? அப்போது உனக்கு எட்டு வயது. நீ எழுந்து, "பனிக்கட்டின்னா என்னப்பா?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நீ உட்காரவில்லை. "இயேசுவே சாமின்னா, அன்னைக்குத் தோட்டத்துல முழங்கால் போட்டு யாருகிட்ட ஜெபம் பண்ணுனாரு?" என்று கேட்டாய். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் பிரம்பை எடுத்து உன் உள்ளங்கையில் இரண்டு அடி கொடுத்து, ஆராதனை முடியும்வரை முழங்காலில் நிற்கவைத்தார். நான் அதே கூடத்தில் அந்தப் பக்கம் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. அடுத்த அடியை எடுத்துப் பாடவைத்தேன்.

அது நல்ல கேள்வி, மகனே. நானும் சின்ன வயதில் அதைக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டவள்தான். அவருக்குப் பதில் தெரியாது என்பதால்தான் அடித்தார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். வீட்டுக்கு வந்து உன் கையில் எண்ணெய் தடவினேனே தவிர, "நீ கேட்டது சரிதான், எனக்கும் தெரியலடா, சேந்து யோசிப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உபதேசியார் பெண்டாட்டி அப்படிச் சொல்லலாமா என்று பயம். நீ திருச்சிக்கு வேலைக்குப் போய், அங்கே ஒரு மேல்மாடியில் சாயங்காலம் கூடி வேதம் வாசிக்கிறவர்களோடு சேர்ந்தபோது, அவர்கள் உன்னைப் பிடித்துவிட்டார்கள் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். பிடிக்கவெல்லாம் இல்லை. பிரம்பு எடுக்காமல் உன் கேள்வியை உட்கார்ந்து கேட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான். நீ அவர்கள் பக்கம் போனதில் ஆச்சரியப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

அதன்பிறகு சனிக்கிழமை தோறும் கடைசி பஸ்ஸில் நீ வந்து இறங்குவாய், ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்துவிடும். பிதா தம்மைவிடப் பெரியவர் என்று இயேசுவே சொன்ன இடத்தை நீ காட்டுவாய். தாமும் பிதாவும் ஒன்று என்று இயேசு சொன்ன இடத்தை உன் அப்பா காட்டுவார். இயேசு தேவனுடைய குமாரன், முதலில் உண்டாக்கப்பட்டவர், ஆனால் தேவன் அல்ல என்பாய். அப்படியானால் நீ இத்தனை நாள் கும்பிட்டது யாரையடா என்பார். ஒருநாள் நீ கொண்டுவந்த துண்டுப் பிரசுரங்களை எடுத்துப்போய் வெந்நீர் அடுப்பில் போட்டார். அடுத்த வாரம் நீ இன்னும் இரண்டு மடங்கு கொண்டுவந்தாய். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறைந்துகொள்ளாத குறை. அந்த வேதத்தில் அன்பைப் பற்றியும் நாலு இடம் இருக்கிறது. மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அந்தப் பக்கம் நீங்கள் புரட்டிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். எனக்கும் ஒரு பதில் இருந்தது. அது உங்கள் வாதத்துக்கு உதவாது என்று நினைத்தேன், அதனால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உனக்குப் பின் பிறந்த பெண்பிள்ளை மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். உனக்கு அவள் முகம் ஞாபகம் இருக்காது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் தேவனுடைய சித்தம் என்றார்கள். மேலே சிங்காசனத்தில் உட்கார்ந்து சித்தம் பண்ணுகிற ஒருவர் எனக்கு அன்றைக்கு எதற்கும் பயன்படவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. சினேகிதன் செத்துக் கல்லறையில் கிடந்தபோது இயேசு அழுதார் என்று வேதத்தில் இருக்கிறதே, அது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து அடுப்புப் பற்றவைத்தேன். அழுதது வேறு யாரோ ஒருவர், தேவன் அனுப்பிய நல்ல ஆள் என்று நீ சொன்னால், தேவனுக்கு அழத் தெரியுமா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். என் பிள்ளைக்காக அழாத தேவனை என்னால் கும்பிட முடியாது. அதனால் அழுதவர்தான் தேவன். எனக்கு இதற்குமேல் திரித்துவம் தெரியாது. நீ இதை ஏற்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பனிக்கட்டியைவிட இது நல்ல பதில் என்று மட்டும் நினைக்கிறேன். இதை உன் எட்டு வயதில் சொல்லியிருந்தால் நீ திருச்சிக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டியதில்லை.

இனிமேல் சொல்லப்போவது சபையார் யாருக்கும் தெரியாதது. சனிக்கிழமை இந்த இடத்தை விட்டுவிடாமல் வாசிக்கவேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். திருமணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, நீ கிணற்றடியில் எனக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டே, "அம்மா, நான் மூணு முடிச்சுப் போட மாட்டேன். ஒண்ணுதான் போடுவேன். அப்பாகிட்டச் சொல்லாத" என்றாய். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "கோயில்ல அம்புட்டு சனத்துக்கு முன்னாடி நின்னா எல்லாம் தானா வரும், போ" என்றேன். அப்படியே நம்பினேன். ஆர்மோனியச் சத்தமும் கூட்டமும் புதுச்சட்டையும் உன்னை மூன்றாவது முடிச்சுவரை தள்ளிக்கொண்டு போய்விடும் என்று கணக்குப் போட்டேன். கொள்கையை விடச் சங்கோசம் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். நான் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறேன், நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று.

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். நம் கோவிலில் அதை வாசித்தது உன் அப்பா. வாசித்துவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்துவார், யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பார்ப்பார். மூன்று ஞாயிறும் அந்த ஒரு நிமிஷத்தில் நான் பாயில் உட்கார்ந்து முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று சொல்லக்கூட வேண்டாம். குளத்தூர் பஸ் ஏறிப் போய் சுகிர்தத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். நீ செய்ததில் பாதியை நான் செய்தேன், மகனே. உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல்.

நீ பஸ் ஏறிப்போன பிறகு இங்கே நடந்ததையும் தெரிந்துகொள். சபைக் கமிட்டி நான்கு தடவை கூடியது. அவள் விவாகமானவளா இல்லையா என்பதுதான் கேள்வி. ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர் ஒருவர் மட்டும் எழுந்து, "மூணு பேரும் ஒருத்தருதானய்யா? பிதா பேருல முடிச்சு விழுந்துச்சுன்னா, மத்த ரெண்டு பேரும் அங்கிட்டு வெளியிலயா நின்னாங்க? ஒண்ணுலயே மூணும் அடக்கம்னு எழுதிட்டுப் போங்க" என்றாராம். அவரும் உன் கட்சி என்று சத்தம் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். யோசித்துப் பார். உன் கொள்கைப்படி ஒரு முடிச்சே போதும். நம் விசுவாசப்படியும் அந்த ஒன்றுக்குள் மூன்றையும் பார்க்க வழி இருந்தது. இரண்டு பக்கத்துத் தேவனும் அவளைக் கைவிடவில்லை. இரண்டு பக்கத்து ஆண்களுக்கும்தான் அவளை மனைவி என்று சொல்ல மனம் வரவில்லை. நான்கு கூட்டத்தில் ஒன்றுக்குக்கூட அவளை அழைத்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நீயோ இந்த நான்கு மாதத்தில் உன் அப்பாவுக்கு ஏழு கடிதம் எழுதினாய், ஏழிலும் வசனம். சுகிர்தத்துக்கு ஒரு கட்டுப் பிரசுரம் அனுப்பினாய். அவளுக்கென்று ஒரு வரி இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அவள் தனியாகப் பஸ்ஸில் வந்தாள். ஆசிரியர் வேலைக்கு மனுப் போட ஒரு பாரம் கொண்டுவந்திருந்தாள். எல்லாம் பூர்த்தி பண்ணியிருந்தது, ஒரு கட்டம் மட்டும் காலி. விவாகமானவரா, ஆகாதவரா. "போதகர் ஐயாவக் கேட்டேன், கமிட்டி முடிவு பண்ணட்டும்ங்குறாரு. எங்கப்பாவக் கேட்டா அழுகுறாரு. வர்ற வெள்ளிக்குள்ள பாரத்தக் குடுக்கணும் அத்தை" என்றாள். நான் உட்காரவைத்து, கிணற்றடியில் நீ சொன்னதையும் மூன்று ஓலைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டு முடித்துவிட்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். "அப்ப நீங்களே அவுத்து விடுங்க" என்றாள்.

நீ மற்ற இரண்டு முடிச்சையும் போட ஒத்துக்கொண்டால் என்று நான் இழுத்தேன். "இனி முப்பது போட்டாலும் வேணாம்" என்றாள். உன் அப்பா வாசல்படியில் வந்து நின்றார். சுமங்கலியின் தாலியில் கைவைக்காதே என்று சொல்வார் என்று நினைத்தேன். "அவுத்துரு. நானும் அவனும் போட்ட சண்டதான் அந்தப் புள்ள கழுத்துல கெடக்கு" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் தன் தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நீ நன்றாகத்தான் இறுக்கியிருந்தாய். நான்கு மாதம் தண்ணீர் பட்டுப் பட்டு நூல் கல்லாகியிருந்தது. விரலால் முடியவில்லை, குனிந்து பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். அவள் கழுத்தில் மஞ்சள் கறை ஒரு கோடாக இருந்தது. அவள் எழுந்து என் பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் ஆகாதவர் என்று எழுதினாள்.

பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். நீ மறுபடி இந்தக் கோவிலுக்கு வரவேண்டும் என்றோ, உன் அப்பாவின் தேவனைக் கும்பிடவேண்டும் என்றோ நான் இந்தக் கடிதத்தில் எங்கேயும் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் சொன்னதை உனக்குச் சேர்க்கத்தான் இவ்வளவும் எழுதினேன். "ஒத்த முடிச்சுதான் போடுவேன்னு எங்கிட்டயே கேட்டிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன் அத்தை. எங்கப்பாவயும் சம்மதிக்க வச்சிருப்பேன். எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சு."

இதைச் சொல்லிவிட்டுக் குளத்தூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அம்மா